அடைத்த பல் மறுபடி திறந்தால்

தீபாவளிக்கு மறுநாள் காலை, காபியோடு ஒரு தட்டையைக் கடித்தேன். தட்டை நொறுங்கி முடிந்த பிறகும் ஏதோ ஒன்று நொறுங்காமல் நாக்கில் உருண்டது. கடலைப்பருப்பு என்று நினைத்து இன்னொரு கடி கடித்தேன். ‘கடக்’ என்றது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால் பருப்பு இல்லை. வெள்ளையாக, மிளகைவிடச் சற்றுச் சிறிதாக, ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்புமாக ஒரு துண்டு. அதற்குள் நாக்கு வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போய்விட்டிருந்தது. நேற்றுவரை மேடாக இருந்த இடத்தில் பள்ளம். கண்ணாடியில் பார்த்தால் சின்னக் குழிதான். நாக்குக்கு அது கிணறு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் 900 ரூபாய் கொடுத்து அடைத்த பல். அப்போது ரசீதில் ‘நிரந்தர அடைப்பு’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை நம்பியிருந்ததால் முதலில் வந்தது வலி அல்ல, கோபம். பிறகுதான் தெரிந்தது, பல் மருத்துவத்தில் ‘நிரந்தரம்’ என்பது ‘தற்காலிகம்’ என்பதற்கு எதிர்ச்சொல், அவ்வளவுதான். சில வாரங்கள் தாங்குவதற்காக வைக்கும் பசை தற்காலிகம். ஆண்டுக்கணக்கில் தாங்க வைப்பது நிரந்தரம். ஆயுள் முழுவதும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

அடைப்பு ஏன் விழுகிறது, விழுந்தால் என்ன செய்வது, மறுபடி அடைக்க எவ்வளவு ஆகும், அந்தச் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கற்றுக்கொண்டேன். இதுவரை பல் மருத்துவரின் நாற்காலியில் ஓரிரு முறை மட்டுமே உட்கார்ந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

பஞ்சர் கடையில் நடப்பதுதான்

பல்லின் மேலோடான எனாமல்தான் மனித உடம்பிலேயே கடினமான பொருள். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் வெறும் தாது. ஆனால் எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் போனால் போனதுதான். அதை உருவாக்கிய செல்கள், பல் ஈற்றைப் பிளந்துகொண்டு வெளியே வருவதோடு தங்கள் வேலை முடிந்ததென்று மறைந்துவிடுகின்றன. அதனால் சொத்தை தோண்டிய குழி தானாக ஆறாது. மருத்துவர் கெட்டுப்போன பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வேறொரு பொருளால் நிரப்புகிறார். அதாவது ஒட்டுப் போடுகிறார்.

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மிச்சம் எளிதில் விளங்கும். அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடிப்பார். துடைத்துக் காயவைப்பார். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார். சொல்யூஷன் தடவிச் சற்று நேரம் காத்திருந்து, பிறகுதான் ஒட்டை வைத்துத் தட்டுவார். இதில் எந்த ஒரு படியில் அவசரப்பட்டாலும், துளி ஈரம் இருந்தாலும், அடுத்த தெரு திரும்புவதற்குள் டயர் தரையில் உட்கார்ந்துவிடும்.

பல் நிறத்தில் வைக்கும் கம்போசிட் அடைப்பும் அப்படித்தான். உப்புத்தாளுக்குப் பதிலாக இங்கே அமிலம். சுமார் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் கால் நிமிடமோ அரை நிமிடமோ வைத்துக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகும். இந்த உத்தியை 1955-இல் வெளியிட்டவர் மைக்கேல் புனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். அந்தச் சொரசொரப்பில் மெல்லிய பிசின் ஒன்றைத் தடவுகிறார்கள், அதுதான் சொல்யூஷன். அதன்மேல் கம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நீல ஒளியைக் காட்டுகிறார்கள். அந்த ஒளி பட்டால்தான் மாவு போல் இருப்பது கல்லாகிறது. ஒரே உருண்டையாகத் திணித்து மேலே மட்டும் ஒளி காட்டினால் மேல்பகுதி கெட்டியாகும். அடிப்பகுதி அரைவேக்காடாக நிற்கும்.

இதில் பெரிய எதிரி எச்சில்தான். கன்னத்துக்குள் பஞ்சுச் சுருள்களைத் திணிப்பதும், உறிஞ்சுகுழாய் ‘உர்ர்’ என்று கத்திக்கொண்டே இருப்பதும் நம்மைப் படுத்துவதற்கு அல்ல. சிலர் பல்லைச் சுற்றி ரப்பர் திரை ஒன்றை மாட்டி, அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். மூச்சு முட்டுவது போல இருக்கும். எனக்கு இரண்டாவது முறை அப்படித்தான் செய்தார்கள். சகித்துக்கொண்டேன், காரணம் புரிந்திருந்ததால் அது கடினமாகவும் இல்லை.

அடைக்கும் பொருள் ஒன்றல்ல. நம் அப்பா, அம்மா வாயில் கறுத்த சாம்பல் நிறத்தில் தெரிவது அமால்கம். ‘வெள்ளி அடைப்பு’ என்பார்கள். வெள்ளியும் வெள்ளீயமும் செம்பும் கலந்த பொடியைப் பாதரசத்தோடு குழைத்தது. எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். அது பல்லில் ஒட்டாது. வாய் குறுகி அடி அகன்ற குழியாகத் தோண்டி அதில் அமுக்கிவிடுவார்கள். வடிவத்தின் பிடியில் நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கும். ஆனால் சற்று ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பத்து, பதினைந்து ஆண்டுகள் சாதாரணமாக உழைக்கும். முப்பது ஆண்டு கண்ட அடைப்புகளும் உண்டு. பாதரசத்தைக் குறைக்க 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு இதன் பயன்பாடு உலகெங்கும் குறைந்து வருகிறது. அதற்காக, உறுதியாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்துபோய்த் தோண்டி எடுக்கத் தேவையில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும். போதாததற்கு நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

மூன்றாவது, கிளாஸ் அயனோமர். பேச்சில் ‘சிமென்ட்’ என்கிறோம். அது பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும், ஃபுளோரைடைக் கசியவிடும், விலையும் குறைவு. ஆனால் மெல்லும் அழுத்தத்தை அதிகம் தாங்காது. ஈற்றோரத் தேய்வுக்கும் குழந்தைகளின் பால் பற்களுக்கும் ஏற்றது. பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் மெல்லும் பரப்பு முழுவதையும் இதனால் நிரப்பினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ‘இரண்டு வருடத்தில் போய்விட்டது’ என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் முதலில் ரசீதை எடுத்து, வைத்தது எது என்று பார்க்க வேண்டும்.

ஏன் விழுகிறது

நான் அந்தத் துண்டைத் தூக்கி எறியாமல் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். முதலில் அடைத்த கிளினிக்குக்கே போனேன். அவர்கள் துண்டைப் பார்க்கவில்லை. வாயை அரை நிமிடம் பார்த்துவிட்டு, “வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும், 11,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். வேர் சிகிச்சை என்றால் பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடைப்பது. கேப் என்பது பல்லின் மேல் தொப்பி போல மாட்டும் உறை. வலியே இல்லாத பல்லுக்கு 11,000 என்றதும் தயக்கமாக இருந்தது. “முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்” என்றேன். எடுத்தார்கள், 250 ரூபாய். அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டதே துண்டைத்தான். விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பல்லின் துண்டு எதுவும் இதோடு வரவில்லை. பல் உடையவில்லை, பிடிப்புதான் விட்டிருக்கிறது. இந்த ஓரம் பழுப்பாக இருக்கிறது பாருங்கள், சார். இங்கேதான் ஆரம்பித்திருக்கிறது” என்றார். எக்ஸ்ரேயிலும் அதே ஓரத்தில், அடுத்த பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில், ஈற்றுக்கு மேலே நிழல் போல ஒரு கறுப்பு.

அதற்கு இரண்டாம் சொத்தை என்று பெயர். அடைப்புகள் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அடைப்புப் பொருள் சொத்தை ஆகாது. அதைச் சுற்றியிருக்கும் பல்தான் ஆகும். கம்போசிட் கெட்டியாகும்போது கன அளவில் இரண்டு, மூன்று சதவீதம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தில் ஓரத்தில் ஒரு கோடு திறக்கலாம். அது தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆனால் பாக்டீரியாவுக்கு அது ராஜபாட்டை. நாம் குடிக்கும் ஒவ்வொரு சர்க்கரைக் காபியும் அங்கே அமிலமாகிறது. மொத்தம் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட ஒரு நாளில் எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். அலுவலகத்தில் மணிக்கொரு தேநீர் குடிப்பவர், கல்யாண வீட்டில் ஒரே மூச்சில் நான்கு ஜாங்கிரி சாப்பிடுபவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார். நான் முதல் வகை.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைக்கும்போது ஈரம் பட்டிருக்கலாம். குழி மிகப் பெரிதாக இருந்து, அடைப்பு தாங்க வேண்டியதைவிட அதிகச் சுமை அதன்மேல் விழுந்திருக்கலாம். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்கலாம். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் தெரியும். பாக்குக் கடிப்பது, நல்லி எலும்பை உடைப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது எல்லாம் தனிக் கணக்கு. இன்னொன்று, அடைப்பு ஒரு கடுகளவு உயரமாக நின்றுவிடுவது. மெல்லும்போதெல்லாம் முழு அழுத்தமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். சில வாரங்களில் விரிசல் விழும், அல்லது பல்லே வலிக்கத் தொடங்கும். அடைத்து முடித்ததும் நீலத் தாளைப் பல்லிடுக்கில் வைத்து “கடியுங்கள், இப்போது அரையுங்கள்” என்பது இதற்காகத்தான். மரத்துப்போன வாயோடு நாம் ‘சரியாக இருக்கிறது’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தாலே சொத்தை என்று அர்த்தமில்லை. காபிக் கறையாகவும் இருக்கலாம். கறைக்காக மட்டும் அடைப்பை மாற்றினால், தோண்டும்போது நல்ல பல்லும் சேர்ந்து கொஞ்சம் போகும். பல் நிறத்திலேயே இருக்கும் கம்போசிட்டில், எது அடைப்பு எது பல் என்று கண்டுபிடிப்பதே மருத்துவருக்குக் கஷ்டம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி முன்பைவிடப் பெரிதாகிறது. ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தால், முழுவதையும் எடுக்காமல் அந்த மூலையை மட்டும் செப்பனிட முடியுமா என்று கேளுங்கள். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பும் இயன்ற இடத்தில் செப்பனிடுவதையே ஆதரிக்கிறது. ‘முழுவதும் மாற்ற வேண்டுமா, ஓரத்தை மட்டும் சரிசெய்யலாமா?’ என்ற கேள்விக்குக் காசு கிடையாது.

வலி எந்த வகை

அடைப்பு விழுந்தால் எவ்வளவு அவசரம் என்பதை வலியின் தன்மையை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் ‘சுரீர்’ என்று கூசி, தண்ணீரை விழுங்கியதும் இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடுகிறதா? பல்லின் உள்ளே இருக்கும் கூழும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அடைத்தால் போதும் என்ற நம்பிக்கை வைக்கலாம். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, சூடான காபி பட்டதும் தொடங்கி ‘விண்விண்’ என்று தெறித்தாலோ, ராத்திரி படுத்தபின் தானாக எழுப்பினாலோ நரம்பு அழற்சி முற்றிவிட்டது என்று பொருள். வேர் சிகிச்சை தேவைப்படலாம். கடிக்கும்போது வலிக்காமல் கடியை விடும்போது சுருக்கென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது விளையாட்டல்ல.

வலியே இல்லாமல் இருப்பதில்தான் மோசமான வகை ஒளிந்திருக்கிறது. கரூரில் இருக்கும் என் மைத்துனருக்கு அடைப்பு விழுந்தது. முதல் மாதம் கூசியது, இரண்டாம் மாதம் இரண்டு நாள் துடிக்கத் துடிக்க வலித்தது, அப்புறம் சட்டென்று நின்றுவிட்டது. “தானாகச் சரியாகிவிட்டது மாமா” என்றார் பெருமையாக. சரியாகவில்லை, நரம்பு செத்துப்போயிருந்தது. செத்த நரம்பு வலிக்காது. ஆனால் கிருமிகள் வேர் நுனிவரை இறங்கி எலும்புக்குள் சீழ் கட்டும். ஒன்றரை ஆண்டு கழித்துத் தாடை வீங்கிய நிலையில் போனார். பல் பாதி உடைந்து, தேற்ற முடியாமல், பிடுங்கினார்கள். அந்த இடத்தில் செயற்கைப் பல் பொருத்த 30,000 ரூபாய் என்றார்கள். அவர் ஓட்டையோடு இருக்கிறார். அந்தப் பக்கம் சிரிப்பதில்லை.

அன்றைக்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். துண்டு கிடைத்தால் எடுத்து வையுங்கள். அடைப்புத் துண்டைத் திரும்ப ஒட்ட மாட்டார்கள். ஆனால் காரணம் சொல்ல உதவும். விழுந்தது கேப்பாக இருந்தால் கட்டாயம் பத்திரப்படுத்துங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். மறுபக்கத்தில் மெல்லுங்கள். வலித்தால் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி விட்டுக் குழியில் மட்டும் ஒற்றலாம். ஈற்றில் வழிந்தால் எரியும். மாத்திரையைப் பொடித்துப் பல்லருகே வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கூடவே கூடாது, ஈறு வெந்துபோகும். செருப்பு ஒட்டும் பசையால் துண்டை ஒட்டிப் பார்த்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அவரைப் பற்றி இதற்குமேல் எழுதினால் கோபித்துக்கொள்வார். வலி இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு ஆகும்

இரண்டாவது மருத்துவர் எனக்குச் செய்த சோதனை மிக எளியது. பஞ்சு உருண்டையில் குளிரூட்டும் மருந்தைத் தெளித்து, முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தார். கூசியதும் கையைத் தூக்கச் சொன்னார். பிறகு அடைப்பு விழுந்த பல்லில் வைத்தார். கையைத் தூக்கினேன். பஞ்சை எடுத்ததும் இரண்டு நொடியில் கூச்சம் போய்விட்டது. “நரம்பு உயிரோடு இருக்கிறது. இப்போதைக்கு அடைத்துவிடலாம். ஆனால் உள்பக்கச் சுவர் மெலிந்திருக்கிறது. அடுத்த தடவை கேப்தான்” என்றார். ஆலோசனைக் கட்டணம் 200, அடைப்பு 1,800. முன்பு எடுத்த எக்ஸ்ரேயோடு சேர்த்து எனக்கு ஆனது 2,250 ரூபாய்.

முதல் கிளினிக்கில் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். குழி ஆழமாக இருந்தால், ‘இப்போது அடைத்து நாளை வலித்தால் நம்மைத்தானே திட்டுவார்கள்’ என்று முன்கூட்டியே வேர் சிகிச்சைக்குப் போகச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் நரம்பைச் சோதிக்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. பெரிய தொகை சொல்லும்போது வேறொருவரைப் போய்க் கேட்பது அவமரியாதை ஆகாது.

திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் நான் விசாரித்தவரை, தனியார் கிளினிக்குகளில் சிமென்ட் அடைப்பு 500 முதல் 1,000 வரை, கம்போசிட் 1,000 முதல் 2,500 வரை. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை 3,500 முதல் 7,000. அதன்மேல் கேப்: உலோகத்தோடு பீங்கான் சேர்ந்தது 3,000 முதல் 6,000, ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான் என்றால் 7,000 தொடங்கி அதற்கு இரட்டிப்பு வரை. பல்லே போய் எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல் என்றால் 25,000-க்கு மேல். சென்னையில் பெரிய சாலைகளில் இருக்கும் கண்ணாடிக் கதவுக் கிளினிக்குகளில் இதைவிட அதிகம் இருக்கும்.

மறு அடைப்பு ஏன் முதல் அடைப்பைவிட விலை கூடுகிறது என்றால், வேலை கூடுகிறது. பழையதை எடுக்க வேண்டும், புதிய சொத்தையைச் சுரண்ட வேண்டும், குழியும் பெரிது. கட்டணம் பெரும்பாலும் பல்லின் எத்தனை பரப்புகள் சேதமானவை என்பதைப் பொறுத்தது. மேல்பரப்பு மட்டும் என்றால் ஒரு விலை. பக்கத்துப் பல்லைத் தொடும் பக்கமும் சேர்ந்தால் வேறு விலை. அங்கே சுவர் இல்லாததால் மெல்லிய உலோகப் பட்டையைச் சுற்றிக் கட்டி, மரத்துண்டு ஆப்பு வைத்து, அச்சு வார்ப்பது போல வேலை செய்ய வேண்டும். எனக்கு அந்தப் பகுதிக்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது.

பில்லை வாங்கும்போது அதில் பல்லின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் 46. முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்கிறது: நம் வலதுபக்க மேல் 1, இடதுபக்க மேல் 2, இடதுபக்கக் கீழ் 3, வலதுபக்கக் கீழ் 4. இரண்டாவது இலக்கம், நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. எண்ணும் பொருளின் பெயரும் எழுதிய பில் கையில் இருந்தால், நாளை அது மறுபடி விழும்போது ‘எந்தப் பல், எப்போது, என்ன வைத்தோம்’ என்ற தர்க்கமே வராது. நோய்க்கான சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் விபத்தால் ஒழியப் பல் செலவை ஏற்பதில்லை. புறநோயாளிச் செலவுக்கென்று தனியாகக் கட்டியிருந்தால் மட்டும் விதிகளைப் படித்துப் பாருங்கள்.

காசு தட்டுப்பாடு என்றால் தள்ளிப்போடுவதைவிட அரசு வழியில் போவது நல்லது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-இல் ஒன்று திறந்தார்கள். இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ முடியும். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் கேட்கலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், குறைந்த செலவில் செய்கிறார்கள். அரை நாள் போகும்; ஒரு படிக்கு மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். அவ்வளவு பேர் பார்ப்பது ஒருவகையில் நல்லதுதான்.

செலவு யாருடையது

‘போன தடவை சரியாக வைக்கவில்லை, இந்தத் தடவை இலவசமாக வையுங்கள்’ என்று கேட்கலாமா? காலத்தைப் பொறுத்தது. வைத்த சில வாரங்களில், சில மாதங்களில் விழுந்தால் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள், அல்லது பொருள் செலவை மட்டும் வாங்குவார்கள். நம் நாட்டில் அடைப்புக்கு இத்தனை மாத உத்தரவாதம் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் அடைப்புக்குப் பன்னிரண்டு மாத உத்தரவாதம் உண்டு. ஏறக்குறைய அதுவே நியாயமான எதிர்பார்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. வைப்பதற்கு முன்பே “ஆறு மாதத்தில் விழுந்தால் என்ன செய்வீர்கள், டாக்டர்?” என்று கேட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை. ‘இந்தக் குழிக்கு அடைப்பு நிற்பது சந்தேகம், கேப்தான் சரி’ என்று அவர் முன்பே எச்சரித்து, நாம் காசுக்காக அடைப்பையே கேட்டிருந்தால், அவரைக் குறை சொல்ல முடியாது.

என்னுடையது நான்கு ஆண்டு ஓடிவிட்டது. 900 ரூபாயை 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 19 ரூபாய்கூட வரவில்லை. நான் குடித்த காபிக்கே அதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும். கம்போசிட் இன்னும் கொஞ்சம் உழைத்திருக்க வேண்டும்தான். ஆனால் அந்தக் காபியின் பங்கையும் சேர்த்துப் பார்த்தால் சண்டை போட எனக்கு முகம் இல்லை.

உண்மையிலேயே அலட்சியம் நடந்திருந்தால் வழி இருக்கிறது. வேறு பல்லைத் தோண்டிவிட்டார்கள், உடைந்த கருவியை உள்ளே விட்டுவிட்டுச் சொல்லாமல் மூடிவிட்டார்கள் என்பதுபோல. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் அடைப்பு விழுந்தது ஒன்றே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது. பில், எக்ஸ்ரே, இன்னொரு மருத்துவரின் எழுத்துப்பூர்வக் கருத்து எல்லாம் வேண்டும். 1,800 ரூபாய்க்காக அந்தப் படி ஏறுவதைவிட, முதலில் அந்த மருத்துவரிடமே போய் உட்கார்ந்து பேசுவதில் விரைவாகக் காரியம் நடக்கும்.

புது அடைப்பு வைத்த அன்று மாலை மரப்பு தெளிந்ததும் ஏதோ நெருடியது. வலது பக்கம் மட்டும் ஒரு கணம் முன்னால் முட்டியது. முன்பு என்றால் ‘பழகிவிடும்’ என்று விட்டிருப்பேன். மறுநாள் போனேன். நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். புள்ளி விழுந்த இடத்தில் இரண்டு நொடி தேய்த்தார். மறுபடி கடிக்கச் சொன்னார். மொத்தம் ஐந்து நிமிடம், காசு வாங்கவில்லை. குளிர்ச்சிக்கு ஒரு வாரம், பத்து நாள் லேசாகக் கூசும், பயப்பட வேண்டாம் என்றார். அப்படியே இருந்து அடங்கியது. பற்களுக்கு இடையே விடும் நூல் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பக்கவாட்டு ஓரத்துக்குத் தூரிகை போய்ச் சேராதாம். இரவில் அதை இழுக்கும்போது மகள் வந்து நின்று, மீன் பிடிக்கிறேனா என்று கேட்கிறாள்.

பழைய துண்டு இன்னும் பில்லோடு சேர்த்துப் பின் குத்திய உறையில் இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் மனைவி இரண்டு முறை குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் எடுத்து வைத்தேன். உறையின் மேல் இப்போது பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘46. நான்கு வருடம்.’